எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

கத்திரி வெயிலில் கூழ் விற்கிறவள் யாரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை. மலை சுற்ற வந்தவர்கள் அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் நாக்கு வறண்டு, தாங்களாகவே வேப்பமர நிழலுக்கு ஒதுங்கிவிடுவார்கள். ரேணுகாம்பாளின் தள்ளுவண்டி அந்த நிழலில்தான் நிற்கும். ஒரு பானையில் கேழ்வரகுக் கூழ், இன்னொன்றில் மோர், தட்டுகளில் மோர்மிளகாய், சின்ன வெங்காயம், உப்பில் ஊறிய மாங்காய், கொத்தவரங்காய் வற்றல். சொம்பு நிறையக் கரைத்துக் கொடுத்துவிட்டு, குடிக்கிறவரின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் மட்டும் ஒரு வாய் குடிக்க மாட்டாள்.

குடித்தால் எங்கே போவது? கிட்டத்தில் இருக்கிற கழிப்பறை பௌர்ணமிக்குத் திறக்கும், கூட்டம் வடிந்ததும் பூட்டிக்கொள்ளும். வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினால் திரும்பி வருவதற்குள் குரங்குகள் பானையைக் கவிழ்த்துவிடும். ஆம்பிளை என்றால் ஏதாவது ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். ஆகவே காலையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் தண்ணீர். இப்படியே பல வருஷம் ஓடியது. உடம்பு பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கணக்குத் தீர்த்துக்கொண்டது. முதலில் மலம் இறுகியது. பிறகு முக்கல், பிறகு எரிச்சல், மூன்று கோடைக்கு முன்னால் ரத்தம். மழைக்காலத்தில் கொஞ்சம் அடங்கும். பங்குனி பிறந்தால் மறுபடி புறப்பட்டுவிடும்.

மூலம் என்ற சொல் ஒட்டாத சுவர் திருவண்ணாமலை டவுனில் கிடையாது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து, ஆபரேஷன் வேண்டாம், வலி இல்லை, போன் நம்பர். பஸ் ஏறுகிற இடம், டீக்கடைப் பின்சுவர், லாட்ஜ் மாடிப்படி எங்கே திரும்பினாலும் அதுதான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படியொரு நோய் அவருக்கு வந்ததே இல்லை. சூடு என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், பெண்களானால் கர்ப்பப்பை என்பார்கள். அத்தனை போஸ்டரும் யாருக்காக ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரேணுகாம்பாளும் சூடு என்றுதான் சொல்லி வந்தாள். புருஷன் இருசப்பனுக்குக்கூட அவ்வளவுதான் தெரியும். அவன் தப்பான ஆள் இல்லை. மணிலாக் கடலைக் காட்டில் பாடுபடுகிறவன், சாராயம் தொடாதவன். "இன்னாம்மே, சாப்பிடறப்பகூட உக்கார மாட்டேங்கற" என்று ஒருமுறை கேட்டான். "நின்னு நின்னு பழகிப் போச்சு" என்றாள் இவள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

இந்த வருஷம் அவளால் கோடையைத் தள்ளிவிட முடியாதபடி ஒன்று நடந்திருந்தது. அவள் கையில் காப்பு கட்டியிருந்தாள்.

மகள் கவிநிலாவுக்குக் கல்யாணமாகி இரண்டு கரு தங்காமல் போயிற்று. மூன்றாவது நின்றால் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று ரேணுகாம்பாள் வேண்டிக்கொண்டாள். நின்றது. இப்போது கவிநிலா மாசம் நிறைந்து, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து, டேபிள் ஃபேனுக்கு எதிரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஊர்க் கோயிலில் கொடியேற்றிப் பாரதம் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். தீ மிதிக்கிறவர்கள் மஞ்சள் சேலை உடுத்தி, மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்துக் காப்பு கட்டிக்கொண்டுவிட்டார்கள்.

காப்பு என்றால் சும்மா கயிறு இல்லை. கட்டியவள் தீக்குழி தாண்டுகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒருவேளைச் சோறுதான், அதுவும் விளக்கு வைத்த பிறகு. பச்சரிசிச் சோறும் பருப்பும், வெங்காயம் ஆகாது. தானாகக் காப்பைக் கழற்றினால் யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அவர்களுக்குத்தான் ஆகாது என்பார்கள். கழற்ற இரண்டு வழிதான் உண்டு. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பூசாரியே கழற்றிவிடுவார், காப்பு கட்டியவளுக்குத் தீட்டு வந்தால் கழற்றி, அவள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ இன்னொருத்தர் கையில் கட்டிவிடுவார். குற்றம் கிடையாது. ஆனாலும் அந்தத் தொல்லை எதற்கு என்று, மாதத் தீட்டு நின்றுபோன பெண்களுக்குத்தான் இங்கே காப்பு கட்டுவது. பூசாரி ராஜமாணிக்கம் ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று ரேணுகாம்பாள் எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். அது நிஜம்தான்.

ஊருக்கு மேற்கு எல்லை அந்த வேப்பமரம். அடியில் சிவப்புத் துணி சுற்றிய கல் ஒன்று நட்டிருக்கும். அவள் வண்டி கல்லுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் டவுனுக்குப் போகிற ஆட்டோக்கள் நின்று ஆள் ஏற்றும். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி என்று கூப்பிடுவது பகல் முழுக்கக் காதில் விழும்.

கவிநிலாவைப் பார்க்க வந்த நர்ஸ் அருணாதேவிதான் முதலில் கண்டுபிடித்தாள். பெண்ணுக்குப் பிரஷர் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து முடித்தவள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தாயின் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாம்மா கை இப்படிக் கீது? பொண்ணுக்கு ரத்தம் நல்லா இருக்குது. உங்களுக்குத்தான் இல்ல."

"வெயிலும்மா. வேற இன்னா."

"வெயில்ல கறுப்பாங்க. வெளுக்க மாட்டாங்க. கண்ணக் காட்டுங்க." கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "ரத்தம் எதுனா போவுதா?"

ரேணுகாம்பாள் உள்ளே படுத்திருந்த மகளைப் பார்த்தாள். அருணாதேவி புரிந்துகொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "எங்க?" என்று மட்டும் கேட்டாள். ரேணுகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு கையால் பின்பக்கம் காட்டினாள். மூன்று கோடையில் அவள் ஒருத்தரிடம் சொன்னது அதுதான். அதையும் வாயால் சொல்லவில்லை.

"எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா. இந்த வெயிலுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு. ஒக்காந்தா ஊசியில ஒக்காந்த மாதிரி."

"இன்னா போடறீங்க?"

"துத்தி இலைய வெளக்கெண்ணெயில வதக்கி வெச்சுக் கட்டுவேன். கொஞ்சம் கேக்கும். மோர்ல வெங்காயம் போட்டுக் குடிப்பேன், இப்ப வெரதத்துக்கு அதுவும் ஆவாது."

"மொதல்ல தண்ணி குடிங்க. பகல்ல குடிங்க. அந்த வெயில்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம நின்னா கல்லா இறுகாம இன்னா செய்யும்? முக்காதீங்க. அகலமான டப்புல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி காலையும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் உக்காருங்க. கீரை, பழம் சாப்பிடுங்க. தடவறதுக்கு மருந்து தரச் சொல்றேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு மறுபடி அவள் நகங்களைப் பார்த்தாள். "ஆனா இதெல்லாம் லேசா இருக்கறவங்களுக்கு. உங்களுக்கு ரத்தம் ரொம்பக் கம்மிம்மா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூலம்தானா வேற எதுனாவான்னு டாக்டர் பாத்துதான் சொல்லணும். ரத்தம் ஏத்தணும்னா ஏத்துவாங்க."

ரேணுகாம்பாள் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"தீமிதி முடியட்டும்மா."

"அதுக்கு இன்னும் நாள் கீதே."

"அம்மன் பாத்துக்குவா."

"அம்மன்தான் என்ன அனுப்பிச்சான்னு வெச்சிக்குங்களேன்."

"கழட்டினா பொண்ணு வயித்துக்கு ஆவாதும்மா. ரெண்டு போயிடுச்சு. இது மூணாவது."

அருணாதேவியும் இதே ஜில்லாக்காரிதான். சிரித்துவிட்டுப் போக அவளால் முடியவில்லை. "நெருப்புல நடக்கறப்ப மயக்கம் வந்துச்சுன்னா?" என்று கேட்டாள். ரேணுகாம்பாள் துணிக்கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்த பழந்துணிகளைத் திருப்பிப் போட்டாள். அந்தக் கேள்வியைத்தான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மயங்கி விழுந்தால் உயிர் போகும், போகட்டும். ஆனால் குழியில் விழுந்தவளின் நேர்த்தி செல்லுமா செல்லாதா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடச் சுவர் ஓரம் துத்தி பறிக்கப் போனாள். குனிந்து நிமிர்ந்தபோது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரில் சந்திரகலா நிற்கிறாள்.

சந்திரகலா இருசப்பனின் அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதில் யார் பக்கத்துக் கிளையில் யார் காய் பறித்தது என்று ஆரம்பித்து, ஓரகத்திகள் இருவரும் வருஷக்கணக்காக அளவோடுதான் பேசிக்கொள்வார்கள். சந்திரகலாவின் வாய் ஊரறிந்தது. கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வேலூரிலிருந்து வந்த வாரமே குழாயடியில் சண்டை போட்டவள் அவள்.

"இன்னாத்துக்கு துத்தி?" என்றாள்.

"கவிநிலாவுக்குக் கால் வீங்கிக் கீது. ஒத்தடம் குடுக்க."

"கால் வீக்கத்துக்கு நொச்சிதான போடுவாங்க."

"இதுவும் போடலாம்னாங்க."

சந்திரகலா அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனதே அபூர்வம் என்று ரேணுகாம்பாளுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தார் ரோட்டைப் பிசுபிசுக்க வைத்தது. செருப்பில்லாமல் மலை சுற்ற வந்தவர்கள் நிழலுக்கு நிழல் தாவித் தாவி வந்தார்கள். கூட்டம் விடவில்லை. கூழைக் கரைக்கக் கை வரவில்லை. சொம்பை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். "உடம்பு சரியில்லீங்களா?" என்று மெட்ராஸ்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். அப்போதுதான் சேலை பின்னால் ஈரமாக ஒட்டுவது தெரிந்தது. வைத்திருந்த துணியைத் தாண்டிவிட்டது. மஞ்சள் சேலை வேறு.

முதுகை வேப்பமரத்தோடு அப்பிக்கொண்டு நின்றாள். வருகிறவர்களிடம் கூழ் தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னாள். பானை பாதி இருந்தது. இருட்டுகிற வரைக்கும் இப்படியே நின்றுவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். எதிரில் ஆட்டோக்காரன் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாலடி எடுத்து வைத்தால் கல்லுக்கு அந்தப் பக்கம். அந்த நாலடி அவளுக்கு மலையைவிடப் பெரிதாக இருந்தது. அழுகை வந்தது. அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டும்.

காப்பு கட்டிய பெண்கள் நாலைந்து பேர் அம்மனுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார்கள். கூடவே சந்திரகலா. மரத்துக்குப் பின்பக்கமாகத்தான் பாதை. ரேணுகாம்பாள் திரும்பவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றாள்.

"ஏம்மே ரேணு" என்று சந்திரகலா குரலெடுத்தாள். சாதாரணமாகவே நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். "காப்ப கட்டிக்கினு தீட்டோட நிக்கிறியே, ஊரு இன்னாத்துக்கு ஆவறது? சேலைய பாத்தியா நீ?"

எல்லோரும் பார்த்தார்கள். நிழலுக்கு ஒதுங்கியிருந்த ஆம்பிளைகளும் பார்த்தார்கள். ரேணுகாம்பாள் அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு முருங்கை மரத்துக்கா இவ்வளவு வன்மம் என்று நினைத்தாள். இல்லை, இது தீட்டு இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை கோயிலில் கூப்பிட்டார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. கீற்றுப் பந்தலில் பூசாரி ராஜமாணிக்கம், விழாக் குழுவின் ஆம்பிளைகள், ஓரமாக இருசப்பன். மதில் நிழலில் பெண்கள். வெளியே புளியமரத்தடியில் ஊர்க்காரன் சரவணகுமாரின் ஆட்டோ நின்றது. யாரோ வெளியூர்க்காரர் சாமி கும்பிட வந்திருக்கிறார் என்று ரேணுகாம்பாள் நினைத்தாள்.

ராஜமாணிக்கம் கோபக்காரர் இல்லை. தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"இந்தாம்மா ரேணுகாம்பா, தீட்டுன்னா அது ஒண்ணும் தப்பு இல்ல. அம்மனுக்குத் தெரியாததா? கழட்டி வுட்டுடறோம், வூட்டுல வேற யாருனா கட்டிக்கட்டும். ஆனா அன்னிக்கு கற்பூரம் அடிச்சு நின்னுபோச்சுன்னு சொன்னியே. அதுக்கு இன்னா சொல்ற?"

"தீட்டு இல்லீங்க."

"அப்ப சேலையில இன்னா?"

ரேணுகாம்பாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீட்டு என்று ஒப்புக்கொண்டால் சத்தியம் பொய். பொய்ச் சத்தியம் செய்தவளின் நேர்த்தி மகள் வயிற்றில் போய் விழும். வேறு என்னவென்று சொன்னால் இத்தனை ஆம்பிளைகள் முன்னால் மானம் போகும். மானம் போகட்டும் என்று முடிவு செய்ய அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. சொல்லத்தான் நேரம் ஆயிற்று.

"எனக்கு மூலங்க" என்றாள். "ரத்த மூலம்."

பந்தலில் ஒருத்தன் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினான். மற்றவர்கள் துண்டைச் சரி செய்துகொண்டார்கள். பூசாரி விளக்குத் திரியைத் தூண்டினார், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"பொம்பளைங்களுக்குமா அது வரும்?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"எதுவா இருந்தா இன்னா, ரத்தம் ரத்தந்தான" என்றார் அவர்.

"அப்படிச் சொன்னா எப்படி? அலகு குத்திக்கினு வர்றவனுக்கும்தான் ரத்தம் வருது. அது தீட்டா?"

"அது வாயி. இது வேற எடம்."

கொஞ்ச நேரம் ரத்தத்தின் இடம் பற்றி ஆம்பிளைகள் ஆராய்ச்சி செய்தார்கள். வலிக்கிறதா, எத்தனை நாளாக, ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் பூசாரி கையைத் தூக்கினார்.

"நோவுன்னா காப்பு இருக்கட்டும், அவ நேர்த்தி அவ முடிக்கட்டும். தீட்டுன்னா கழட்டணும். யாருனா ஒரு பொம்பள உள்ள கூட்டிக்கினு போயி பாத்துச் சொல்லுங்க. சந்திரகலாதான தீட்டுன்னு சொன்னது? அவளே பாக்கட்டும். தீட்டு இல்லாதவ, சாமி எடத்துல பொய் சொல்ல மாட்டா."

கோயிலை ஒட்டி ஓர் அறை இருந்தது. கூத்துக்காரர்களின் கட்டைக் கிரீடங்களும் புஜக்கட்டைகளும் அதில் அடுக்கியிருந்தன. மேலே சிமெண்டு ஷீட்டு, உள்ளே அடுப்படி மாதிரிச் சூடு. சந்திரகலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"பாருக்கா" என்று ரேணுகாம்பாள் சேலையைப் பிடித்தாள். "நல்லாப் பாத்துக்கோ. உன் மனசு குளிரப் பாத்துட்டுப் போயி அவங்ககிட்ட சொல்லு."

"சேலைய வுடு."

"ஏன், பாக்கத்தான வந்த?"

"வுடு சொல்றேன். எனக்கு இன்னாத்தப் பாக்கணும்? துத்தி பறிக்கறப்பவே தெரியும். கால் வீக்கத்துக்குத் துத்தியாம். யாருகிட்ட சொல்ற? அந்தச் சொவர் ஓரத்துல நான் பறிக்காத செடியா?"

ரேணுகாம்பாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் வேலூர்ல கர்ப்பப்பைய எடுத்துக்கினு வந்தேன்னு சொன்னேன் இல்ல? ஒண்ணையும் எடுக்கல. இதேதான். உன்னாட்டம் நாள் கடத்திக் கடத்தி, நடக்க முடியாம போயி, ரத்தம் ஏத்தித்தான் ஆபரேஷனே பண்ணாங்க. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா கையில இல்லன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது."

"தெரிஞ்சிக்கினா தீட்டுன்னு அப்படிக் கத்தின?"

"பின்ன? மூலம்னு கத்தினா கழட்டுவாங்களா? இப்ப பாத்த இல்ல, நோவுன்னா இருக்கட்டும்னுட்டாரு பூசாரி. தீட்டுன்னாத்தான் கதவத் தொறப்பாங்க. தொறந்து வெச்சேன். நீயே போயி மூலம்னு சொல்லிச் சாத்திட்ட."

வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். சந்திரகலா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்து ரேணுகாம்பாள் கேட்டதே இல்லை.

"நேத்து தண்ணிக்குப் போறப்பவே பாத்தேன், சொம்பத் தூக்க ரெண்டு கை போட்டுக்கினு நின்ன. உன்ன அந்தக் குழியில எறங்க வுட்டுட்டு நான் வேடிக்க பாக்கணுமா? சரவணகுமார் ஆட்டோவ காலையிலயே வரச் சொல்லிட்டேன். வெளியதான் கீது."

"புள்ளைக்கு ஆவாதுக்கா."

"நீயா கழட்டினாத்தான் ஆவாது. பூசாரி கழட்டினா ஒண்ணுமில்ல. அவங்க வெச்ச சட்டம் தான?"

"பொய் சொல்லிக் கழட்டினா?"

"பொய் என்னோடது. நீ உண்மையத்தான் சொன்ன, அத்தன பேரு முன்னாடி. அம்மன் கேட்டுக்கினுதான இருந்தா?"

"கற்பூரத்துல சத்தியம் பண்ணிக்கீறேன்க்கா. அதப் பொய்யாக்கிடாத. மூலம்னே சொல்லு, உன் கால்ல வுழறேன்." நிஜமாகவே குனியப் போனவளுக்குத் தலை சுற்றியது. சந்திரகலா அவள் தோளைப் பிடித்து, அடுக்கியிருந்த கிரீடங்களின் மேல் விழாமல் நிறுத்தினாள். தன் முந்தானையால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"தீட்டுதான்" என்றாள் பந்தலைப் பார்த்து. நாலு வீட்டுக்குக் கேட்கும் பழைய குரல். "நின்னது திரும்பி வந்திருக்குது. அப்படி வர்றது உண்டு, எந்த டாக்டர வேணா கேளுங்க. சத்தியம் பண்ணப்ப நின்னுதான் இருந்துச்சு, அது பொய் இல்ல. இவளுக்கே புரியாம மூலம்னு நெனச்சிக்கினு கீறா. கழட்டி என் கையில கட்டுங்க. எனக்குத்தான் எந்தத் தீட்டும் கெடையாதே."

"இல்ல" என்றாள் ரேணுகாம்பாள். யாருக்கும் கேட்கவில்லை. "இல்லீங்க" என்று மறுபடி சொன்னாள். தீட்டுக்காரி கோயிலுக்குள் நிற்கலாமா என்று மதில் பக்கம் பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ராஜமாணிக்கம் எட்ட நின்றே அவள் கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். வேறென்ன செய்வது? அவர் மஞ்சள் தண்ணீர் தெளித்து முடிச்சை அவிழ்த்தார். கழற்றிய கயிறு இன்னொரு கைக்கு ஆகாது, புதுக் கயிறு திரித்துச் சந்திரகலாவின் கையில் கட்டினார்கள்.

"தம்பி, அவளால நிக்க முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க" என்று சந்திரகலா இருசப்பனைப் பார்த்துச் சொன்னாள். ரேணுகாம்பாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழிக்கும் உயிர் போயிற்று. வேப்பமரம் வந்தது. பானைகளைக் கவிழ்த்து வைத்த வண்டி நின்றது. சிவப்புத் துணிக் கல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. சரவணகுமார் கியரை மாற்றினான்.

ரமணாசிரமம் வந்தது. இருசப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தீட்டுன்னா தீட்டுன்னு சொல்லிட்டுப் போறது. அத்தன பேர் முன்னாடி எதுக்கு அப்படியொரு அசிங்கத்த இழுத்து வெச்ச? நாளைக்கு நான் எப்படித் தலையக் காட்டறது?"

அவள் அவன் காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினாள். மூடியைத் திறந்து அண்ணாந்து குடித்தாள். வெயிலில் சுட்டுப்போன தண்ணீர். பாதிப் பாட்டில் இறங்குகிற வரைக்கும் வாயை எடுக்கவில்லை. அவள் பகலில் தண்ணீர் குடித்து இருசப்பன் பார்த்ததில்லை, அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலும்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் வரிசை வாசல் வரை நின்றது. பெண்கள் வரிசை என்று தனியாக இல்லை. முன்னாலும் பின்னாலும் ஆம்பிளைகள். அவள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள்.

"என்னம்மா செய்யுது?"

இருசப்பன் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பொம்பளை சமாச்சாரம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்துவிட்டான்.

"மூலம்" என்றாள் ரேணுகாம்பாள். வரிசையில் எல்லோருக்கும் கேட்டது. "ரத்தம் போவுது. மூணு கோடையா."

எழுதுகிற பெண் அதை எழுதிக்கொண்டு அறை எண்ணைச் சொன்னாள். அவ்வளவுதான். சிரித்தவர்களும் இல்லை, துண்டைச் சரி செய்தவர்களும் இல்லை. பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "எனக்கும் அதாம்மா. எந்த ரூமு சொன்னாங்க?" என்று கேட்டார்.

பெஞ்சு காலியாக இருந்தும் அவள் சுவரில் கையை ஊன்றி நின்றாள். இருசப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிறு கிடந்த இடத்தைப் பார்த்தான். மணிக்கட்டில் மஞ்சள் மட்டும் ஒட்டியிருந்தது. அவனுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டது. நின்று நின்று சாப்பிட்டது, கொல்லைக் கல்லின் மேல் காய்ந்த பழந்துணிகள், ஆட்டோவில் சுட்டுப்போன தண்ணீரைக் குடித்த குடி. கடைசியாகச் சந்திரகலா பந்தலைப் பார்த்துச் சொன்னது.

"அப்ப அண்ணி சொன்னது…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "நிக்கிறியே, வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது" என்றாள்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் திருப்பிக் காட்டினான்.

"கவிநிலா கூப்பிடுது. ஊர்ல இன்னா பேசினாங்களோ, பொண்ணு பயந்து கீது போல. இன்னான்னு சொல்றது?"

ரேணுகாம்பாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கட்டடங்களுக்கு மேலே மலை தெரிந்தது. ஊர் அதற்கு அந்தப் பக்கம்.

"தீட்டுன்னே சொல்லுங்க" என்றாள். "அக்கா குழி தாண்டணும்."